14ஆம் எண் பாலம்: மிக்ஜாம் நாளில் சென்ட்ரல் ஏன் நின்றது

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. சென்னை சென்ட்ரலிலிருந்து காலையில் கிளம்ப வேண்டிய ஆறு ரயில்களைத் தெற்கு ரயில்வே ரத்து செய்தது. மைசூரு சதாப்தி, கோவை எக்ஸ்பிரஸ், கோவை சதாப்தி, பெங்களூரு டபுள் டெக்கர், பிருந்தாவன், திருப்பதி சப்தகிரி. காரணம் ஒரே வரியில் இருந்தது: பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் உள்ள 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது, அந்த வழியில் போக்குவரத்து நிறுத்தம்.

மிக்ஜாம் புயல் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது வேளச்சேரியில் ஓடிய படகு, முடிச்சூர், பால் பாக்கெட்டுக்கு நின்ற வரிசை, நாள்கணக்கில் வராத கரண்ட். விமான நிலையம் மூடியதுகூட நினைவிருக்கும். 4ஆம் தேதி காலை மூடிய ஓடுபாதை மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறந்தது. ரயில் கதை இந்த வரிசையில் வராது. தடம் புரளவில்லை, பெட்டி கவிழவில்லை. விபத்து என்று ஒன்று நடந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிப்பார், அறிக்கை எழுதுவார். விபத்து நடக்காமல் நிறுத்தப்பட்ட ரயிலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் எழுத நினைத்தது அதனால்தான். அன்று நிறுத்தியது சரியா என்று கேட்டால், சரி என்பேன். ஆனால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நிறுத்த வேண்டி வந்ததே, அதைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

எல்லா வழியும் ஒரே இடத்தில்

சென்ட்ரலில் பிளாட்பாரம் எத்தனை இருந்தாலும், ரயில் வெளியே வந்ததும் முதலில் தொடுவது பேசின் பிரிட்ஜ்தான். அங்கே பாதை பிரிகிறது. வடக்கே போவது கொருக்குப்பேட்டை, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திராவுக்குள் நுழைந்து சூளூர்பேட்டை, கூடூர், நெல்லூர், விஜயவாடா என்று போகும் கிழக்குக் கடற்கரைப் பாதை. 1899 வாக்கில் வந்த வழி அது. கொசஸ்தலையாற்றையும் ஆரணியாற்றையும் தாண்டி, பழவேற்காடு ஏரியை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் நெடுக ஓடுகிறது. மேற்கே பிரிவது வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், ஆவடி, அரக்கோணம் பாதை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனதும் இந்தப் பக்கம்தான். கோவை, பெங்களூரு, கேரளா, திருப்பதி, மும்பை என்று சென்ட்ரலில் நாம் ஏறும் ரயில்களில் பெரும்பகுதி இந்த மேற்கு வழியில் போகிறது. அந்த வழியின் முதல் சில நிமிடங்களில் வருவது 14ஆம் எண் பாலம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் இந்தப் பாலத்தைக் கவனித்திருக்க மாட்டீர்கள். ரயில் அப்போதுதான் யார்டைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருக்கும், மேலே பெட்டி வைத்து முடித்திருக்க மாட்டோம், எதிர் சீட்டுக்காரரோடு பர்த் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கீழே கறுப்பாக ஒரு வாய்க்கால் தெரியும், மூக்கைப் பிடித்துக்கொள்வோம், முடிந்தது.

அந்தக் கறுப்புத் தண்ணீரின் வழியைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம், அயனாவரம், புரசைவாக்கம், ஓட்டேரி என்று வட சென்னையின் நடுவில் விழும் மழையில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு வருவது ஓட்டேரி நல்லா என்ற ஓடை. அது பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயோ படகுப் போக்குவரத்துக்காக வெட்டியது. 1806இல் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, காக்கிநாடாவிலிருந்து விழுப்புரம் பக்கம் வரைக்கும் போனது. படகுக்கு வெட்டிய கால்வாயில் சாய்வு இருக்காது, இருக்கவும் கூடாது. இன்றைக்கு அதை நகரத்தின் வடிகாலாக வைத்திருக்கிறோம். போதாததற்குத் தெற்கே அதன் மடியிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். ரயிலுக்காகக் கால்வாயைச் சுருக்கிவிட்டு, கால்வாய் பொங்கி ரயிலை நிறுத்தியது என்று வருத்தப்படுவது ஒரு வேடிக்கைதான். அந்தத் தூண்களும் இந்தப் பாலமும் கால்வாயின் வேறு வேறு பகுதிகள், ஒன்றுக்கொன்று நேரடிச் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் கால்வாயை ஊர் எப்படி நடத்தியது என்பதற்கு அது போதும்.

காற்று வரவில்லை, தண்ணீர் வந்தது

மிக்ஜாம் சென்னையில் கரையேறவில்லை. டிசம்பர் 3 அன்று புயலாகி, 4ஆம் தேதி தீவிரப் புயலாகி, சென்னைக்குக் கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் மெதுவாக நகர்ந்து, 5ஆம் தேதி பிற்பகலில் ஆந்திராவின் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. கரை கடந்தபோது காற்று மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர். சென்னைக்கு வந்தது அதன் மழைப் பட்டை. அது நகராமல் நின்றதுதான் வினை. 4ஆம் தேதி காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் ஆவடியில் 28 செ.மீ. பதிவானது. அதற்குப் பிறகும் அன்று பகல் முழுக்கக் கொட்டியது.

மழை மட்டும் என்றால் வடிந்திருக்கும், கொஞ்சம் தாமதமாக. ஆனால் கரையோரம் புயல் நிற்கும்போது கடலும் ஏறி நிற்கும். சென்னையில் ஓதத்தின், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவதன், அளவு ஒரு மீட்டரை ஒட்டியதுதான், பெரிய அளவில்லை. ஆனால் பேசின் பிரிட்ஜ் பகுதியே கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது என்பதால் அந்த ஒரு மீட்டர் நமக்குப் பெரியது. எண்ணூர் முகத்துவாரத்திலும் கூவம் வாயிலும் அலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? குளியலறையில் வடிகாலைத் துணி வைத்து அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி, அங்கேயே நின்று ஏறும். அன்று நடந்தது அதுதான். ஓட்டேரி நல்லாவில் வந்தது வந்துகொண்டே இருந்தது, கால்வாயில் போக வேண்டியது போகவில்லை.

வடக்கே கடற்கரைப் பாதையில் நிலைமை வேறு மாதிரி. அங்கே புயல் நேராக வருகிறது என்பது இரண்டு மூன்று நாள் முன்பே தெரியும். அதனால் விஜயவாடா-கூடூர் வழியில் ஓடும் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்களை முன்கூட்டியே ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் வீட்டிலேயே ஏமாந்தார்கள். பெட்டியோடு பிளாட்பாரத்துக்கு வந்து ஏமாறவில்லை. புயல் எங்கே கரையேறும் என்று சொல்ல வானிலைத் துறை இருக்கிறது. ஓட்டேரி நல்லா எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்று சென்ட்ரலுக்குச் சொல்ல அன்று அப்படி ஒருவரும் இல்லை.

சிவப்புப் பட்டை

ரயில்வே பாலங்களின் தூணிலோ கரைச்சுவரிலோ இரண்டு குறிகள் இருக்கும். ஒன்று, இதுவரை வந்த அதிகபட்ச வெள்ளம் எந்த மட்டம், எந்த ஆண்டு என்பது. இன்னொன்று அபாய மட்டம். 30 செ.மீ. அகலத்தில் பளிச்சென்ற சிவப்புப் பட்டை. அதன் அடிவிளிம்புதான் அபாய மட்டம். தண்ணீர் அதைத் தொட்டால் ரயிலை நிறுத்த வேண்டும். பாலம் நன்றாக நிற்கிறதே, பத்து நிமிடத்தில் ஒரு ரயிலை விட்டுவிடலாமே என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை.

வியாசர்பாடிப் பக்கம் ஓய்வுபெற்ற கீமேன் ஒருவரைத் தெரியும். கீமேன் என்றால் தினமும் தன் எல்லைக்குள் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்கிக்கொண்டு போகிறவர். அவரிடம் கேட்டேன்: "பாலம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு பயமா ஐயா?"

"மேல அடிச்சுக்கிட்டுப் போறது கண்ணுக்குத் தெரியும் தம்பி. ஓடிப்போய்க் கொடி காட்டி நிறுத்திடலாம். தூணுக்கு அடியில மண்ணு போறது தெரியாது பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும். தண்ணி வடிஞ்ச அப்புறமும் உடனே விட மாட்டாங்க. இறங்கிப் பார்த்து, சரின்னாதான்."

அவர் சொன்னதுதான் பாலப் பொறியியலின் பாதி. வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழலும்போது அடியில் உள்ள மண்ணைத் தோண்டி எடுத்துப் போகும். மேலே தண்ணீர் கலங்கலாக ஓடுவதால் குழி விழுவது தெரியாது. காலியான அஸ்திவாரத்தின் மேல் சும்மா நிற்கும் பாலம், எடையோடு ரயில் வரும்போது சாயும். இது முதல் ஆபத்து. தண்ணீர் பாதையைத் தாங்கும் உத்தரமான கர்டரின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டால் பக்கவாட்டிலும் தள்ளும், மேலேயும் தூக்கும். அடித்துவரும் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்துகொண்டால் வழி அடைபட்டு மட்டம் இன்னும் ஏறும். நம் கால்வாய்களில் ஆகாயத்தாமரைக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம், தண்டவாளத்துக்கு இருபுறமும் உள்ள ஜல்லி. ஜல்லிக்கற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு, தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் கட்டையான ஸ்லீப்பரைப் பிடித்து வைக்கின்றன. ஓடும் தண்ணீர் அதை அரித்துவிட்டால் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். தண்ணீர் தேங்கி மட்டும் நின்றாலும் தொல்லைதான். மின்சார ரயிலின் மோட்டார்கள் பெட்டிக்கு அடியில், தரையை ஒட்டி இருப்பவை; தண்டவாளத்துக்கு மேல் சில அங்குலம் தண்ணீர் ஏறினாலே வண்டியை எடுக்க முடியாது. ரயில் எங்கே நிற்கிறது என்று அறிய இரு தண்டவாளத்திலும் லேசான மின்சாரம் ஓடுகிறது. தண்ணீர் இரண்டையும் இணைத்துவிட்டால் அங்கே ரயில் நிற்பதாகவே கருவி நினைத்துக்கொண்டு சிக்னலைச் சிவப்பிலேயே வைத்துவிடும். பழுதானால் பாதுகாப்பான பக்கம் பழுதாக வேண்டும் என்ற நல்ல ஏற்பாடு. பாதை மாற்றும் பாயின்ட் மோட்டாரும் தரையோடு தரையாக இருக்கிறது. அது மூழ்கினால் ஆள் போய்க் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் திருப்ப வேண்டும். இடுப்பளவு சாக்கடைத் தண்ணீரில் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையில் இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றும் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேசின் பிரிட்ஜ் மாதிரி நாலாபக்கமும் பாதை பின்னிக் கிடக்கும் இடத்தில் எத்தனை பாயின்ட்!

ஆறு ரயில் நின்றால் ஆறு மட்டும் நிற்பதில்லை

அந்த ஆறு பெயர்களையும் மறுபடி பாருங்கள். எல்லாமே அதிகாலையிலோ காலையிலோ சென்ட்ரலில் கிளம்பி, போன ஊரில் கொஞ்ச நேரம் நின்று, அன்றிரவே சென்னைக்குத் திரும்பும் பகல் வண்டிகள். பிருந்தாவன் காலையில் போகவில்லை என்றால் மத்தியானம் பெங்களூரில் அதற்காகக் காத்திருப்பவர்களுக்கும் வண்டி இல்லை. பெங்களூரில் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். வியாசர்பாடி வாய்க்காலுக்காக அவர்கள் டிக்கெட் ரத்தாகியிருக்கும். மழையைப் பார்த்திராத கோவைக்காரருக்கு இதை யார் விளக்குவது?

இரவு ரயில்களின் கதை இன்னும் சிக்கல். முந்தின நாள் மாலையிலேயே கேரளத்திலிருந்தும் மேற்கிலிருந்தும் கிளம்பியவை விடிகாலையில் சென்னை வாசலுக்கு வந்துவிடும். உள்ளே விட முடியாது. காட்பாடி, அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி என்று வழியிலேயே முடித்துவிட்டார்கள். அரக்கோணத்தில் இறங்கியவருக்கு இன்னும் 70 கிலோமீட்டர் பாக்கி. வழக்கமாக என்றால் எதிர் பிளாட்பாரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் நிற்கும். அன்று புறநகர் சேவையும் எல்லாத் தடத்திலும் நிறுத்தம். திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையே தண்ணீர். மெட்ரோ ஓடியது, ஆனால் அது இந்தப் பக்கமே வராது.

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் அப்படி அரக்கோணத்தில் மாட்டியவன். குடும்ப வாட்ஸ்அப்பில் அவன் போட்ட செய்திகளை வைத்துப் பார்த்தால், அவனைப் படுத்தியது மழை இல்லை, யாருக்கும் எதுவும் தெரியாததுதான். வண்டி இதற்கு மேல் போகாது என்றார் ஒருவர். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள் என்றார் இன்னொருவர். ஒலிபெருக்கியில் ரயில் எண்ணும் "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரியும் மட்டும். "எப்போ எடுப்பாங்கன்னு கேட்டா மேல சொல்லலைங்கறாங்க சித்தப்பா" என்று எழுதியிருந்தான். பையில் இருந்த சார்ஜரை நாலு குடும்பத்துக்குக் கடன் கொடுத்தான் என்பது தனிக் கதை.

இதற்கிடையே பேசின் பிரிட்ஜ் யார்டிலும் தண்ணீர். பெட்டிகளைக் கழுவி, பிரேக் பார்த்து, தண்ணீர் நிரப்பி, அடுத்த பயணத்துக்குத் தயார் செய்யும் இடம் அது. தண்டவாளத்துக்கு நடுவே ஆள் இறங்கி அடிப்பாகத்தைப் பார்ப்பதற்குக் குழி வெட்டியிருப்பார்கள், பிட் லைன் என்பார்கள். மழையில் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். பராமரிப்பு முடியாத ரேக்கை, அதாவது பெட்டித் தொடரை, ஓட்டக் கூடாது. அதனால் பாலத்தில் தண்ணீர் வடிந்த பிறகும் ரயில் உடனே கிளம்பாது. வண்டி ஒரு ஊரிலும் வண்டியை ஓட்ட வேண்டியவர் இன்னொரு ஊரிலும் மாட்டியிருப்பார். 5ஆம் தேதி கடற்கரை-தாம்பரம் பக்கம் குறைந்த எண்ணிக்கையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மற்றவை மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தன.

நிறுத்தாமல் போன கதைகள்

நிறுத்தியது சரி என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு ஆதாரம் நம் ஊர்ப் பாதைகளிலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 23, அரியலூர். சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன் மருதையாற்றுப் பாலத்தில் ஏறியபோது வெள்ளம் அடியை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது இதற்காகத்தான். கீமேன் பெரியவர் சொன்ன "அடியில மண்ணு போறது" இதைத்தான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர் தனுஷ்கோடியைத் தொடவில்லை. வழியில் சிக்னல் எரியவில்லை, ஓட்டுநர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு விசிலடித்தபடி மெதுவாக எடுத்தார் என்பது இன்றுவரை சொல்லப்படும் செய்தி. கடல் வந்து எடுத்துக்கொண்டது. 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது கணக்கில் உள்ள எண்ணிக்கை. எழும்பூரிலிருந்து போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் போய்க்கொண்டிருந்த வழி அன்றோடு முடிந்தது. பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்கள். தனுஷ்கோடிப் பாதையைத் திரும்பப் போடவே இல்லை. இன்றைக்குப் பாம்பனில் காற்றளக்கும் கருவி இருக்கிறது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் ஏறாது.

நிறுத்தியதால் தப்பிய கதை மிக்ஜாமுக்கு இரண்டே வாரம் கழித்து வந்தது. 2023 டிசம்பர் 17, ஞாயிறு இரவு 8.25க்குத் திருச்செந்தூரிலிருந்து எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ். அது புயல்கூட இல்லை, குமரிக் கடல் பக்கம் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி. மறுநாள் காலைக் கணக்கில் காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. தாமிரபரணிக்குத் தென்கரையில் குளங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே போகும் ஒற்றைப் பாதை அது, 1923இல் போட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த தாதன்குளம் பக்கம் குளத்துத் தண்ணீர் பாதையின் மேல் ஏறி, ஜல்லியையும் கரையையும் சேர்த்து எடுத்துப்போய், தண்டவாளம் ஸ்லீப்பர்களோடு ஏணி மாதிரி தொங்கிய படத்தை எல்லோரும் பார்த்தோம். வண்டியில் சுமார் 800 பேர். 300 பேரை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள், அதற்குள் ரோடு அறுந்தது. மீதிப் பேர் நிலையத்திலும் பெட்டியிலும் இரண்டு இரவு. பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே வெள்ளம் நிற்கும்போது கோயிலில் உலை வைத்துச் சமைத்துப் போட்டார்கள். 19ஆம் தேதி பயணிகளை மீட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். பாதை சரியாகி ரயில் ஓட ஜனவரி முதல் வாரம் ஆனது.

அன்றிரவு அந்த வண்டி இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் நான் மேலே அரியலூரோடு இன்னொரு ஊர்ப் பெயரையும் எழுதியிருப்பேன்.

கடற்கரைப் பாதையிலும் இப்படி உண்டு. 2021 நவம்பர் 20 அன்று பெண்ணாற்று வெள்ளத்தில் நெல்லூருக்கும் படுகுபாடுக்கும் இடையே பாதை உடைந்து, சென்னை-விஜயவாடா போக்குவரத்து அறுந்தது. முதலில் நிறுத்தினார்கள், அப்புறம் மண் கொட்டினார்கள்.

மறுபடியும் அதே இடம்

2024 அக்டோபர் 15. புயல் இல்லை, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழை. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே மறுபடியும் தண்ணீர். மறுபடியும் சில விரைவு ரயில்கள் ரத்து, சில ஆவடியிலும் கடற்கரை நிலையத்திலும் முடிப்பு. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று ஃபெஞ்சல் புயலின் மழையில் தெற்குப் பாதை மாட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே 452ஆம் எண் பாலத்தில் அபாய மட்டம் தாண்டியதால் எழும்பூர் ரயில்கள் நின்றன. அங்கே மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. கொட்டியிருந்தது. அதை அபூர்வம் என்று விட்டுவிடலாம். வியாசர்பாடியை அப்படி விட முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளில், ஒரு முறை புயலிலும் ஒரு முறை சாதாரண மழையிலும் ஒரே இடம் நின்றது என்றால் குறை வானத்தில் இல்லை.

பாலத்தை உயர்த்திக் கட்டினால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க எளிது. சாலைப் பாலம் என்றால் இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கிவிடலாம். ரயில் அப்படி ஏறாது. நிலைய யார்டுக்குள் 400 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது விதி. ஒரு மீட்டர் உயர்த்த வேண்டுமானால் இரு பக்கமும் 400 மீட்டர் தண்டவாளத்தைச் சேர்த்துத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் பேசின் பிரிட்ஜ் சந்திப்பின் அத்தனை பாயின்டுகளும், மறு பக்கம் வியாசர்பாடி பிளாட்பாரமும் அந்த நீளத்துக்குள் வந்துவிடும். மேலே 25,000 வோல்ட் கம்பியையும் தூக்க வேண்டும். அதுவரை ரயிலை எங்கே விடுவது?

ஆகவே பாலத்தின் கீழே தண்ணீர் குறைய வேண்டும், அல்லது பாலத்தைத் தாண்ட வேண்டிய ரயில் குறைய வேண்டும். முதலாவது ரயில்வேயின் கையில் இல்லை. பாலமும் தண்டவாளமும் ரயில்வேயுடையவை. கால்வாய் மாநில நீர்வளத் துறையுடையது. தெருவிலிருந்து கால்வாய்க்கு வரும் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மாநகராட்சி வடிகாலை அகலப்படுத்தி வேகமாகத் தண்ணீர் அனுப்பினால் மேலே தெரு காயும், கீழே பாலம் மூழ்கும். ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்துகொண்டே இன்னொருவருக்குத் தொல்லை கொடுக்கலாம் என்பதற்கு இந்த ஒரு இடம் போதும். தூர்வாரும் வேலையையாவது செப்டம்பருக்குள் முடித்து, பாலத்துக்கு இரு புறமும் ஒரே நேரத்தில் செய்தால் கொஞ்சம் பலன் இருக்கும். பாலத்தடியில் மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் வாரினால் அடைப்பு அங்கேயே நிற்கும்.

இரண்டாவது வழி நடக்கக்கூடியது. கடற்கரையிலிருந்து ஆவடி போகும் ரயில்கள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக, பேசின் பிரிட்ஜைத் தொடாமல் வியாசர்பாடி ஜீவாவுக்கு வந்து சேர்கின்றன. 2024 அக்டோபரில் கடற்கரை கைகொடுத்தது இதனால்தான். பெரம்பூரைச் சென்னையின் நான்காவது முனையமாக்கும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் மேற்கு வழி ரயில்களில் கொஞ்சமாவது பாலத்துக்கு அந்தப் பக்கமே முடிந்து, அந்தப் பக்கமே கிளம்பலாம். பெரம்பூரிலிருந்து வீட்டுக்குப் போக அந்த நேரத்தில் பஸ் இருக்குமா என்பதை யாராவது இப்போதே யோசித்து வைத்தால் நல்லது.

இதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, புழலில் எத்தனை அடி, எவ்வளவு கன அடி திறக்கிறார்கள் என்பது சென்னையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காலை பேப்பரிலும் வருகிறது, போனிலும் வருகிறது. ரயில்வே பல பாலங்களில் தானாக நீர்மட்டம் அளந்து பொறியாளர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் கருவிகளைப் பொருத்தியிருக்கிறது. 14ஆம் எண் பாலத்தின் அளவையும், அபாய மட்டத்துக்கு இன்னும் எத்தனை செ.மீ. பாக்கி என்பதையும் மணிக்கு ஒரு முறை பொதுவில் போடட்டும். கூடவே, தாண்டினால் எந்த ரயில் எந்த நிலையத்திலிருந்து கிளம்பும் என்ற பட்டியலை அக்டோபர் முதல் தேதியே சென்ட்ரல் வாசலில் ஒட்டட்டும். கோவை எக்ஸ்பிரஸ் பிடிக்க நாலு மணிக்கு எழுந்திருக்கிறவர் மூன்றரைக்கே போனைப் பார்த்துவிட்டு, ஆவடிக்குப் போவதா, திரும்பிப் படுப்பதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.